இன்ஸ்பெக்டர் அண்ணையின் இரட்டை மணி

மொன்றியலைச் சேர்ந்த இல்-பிசார் தீவில், லாவலுக்குப் போகிற கோடைகாலப் படகுத் துறைக்குப் பக்கத்தில், ஒரு சிவப்பு இரட்டைத்தட்டு பஸ் சில்லில்லாமல் நிற்கிறது. கீழ்த்தட்டில் உருளைக்கிழங்கு பொரிக்கிறார்கள். வாங்கிக்கொண்டு மேல்தட்டில் இருந்து சாப்பிடலாம். லண்டனில் நாற்பது வருடம் ஓடி, அங்கே கழித்துவிட, மொன்றியலுக்குக் கப்பலேறி வந்து மூன்று கோடை சுற்றுலாக்காரரைச் சுமந்து, இங்கேயும் கழித்துவிட, இப்போது எண்ணெய் மணக்க நிற்கிறது. போன மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கிழங்கு ஒன்றும் திறமில்லை. ஆனால் கூரையோரம் ஓடுகிற மணிக்கயிற்றை இன்னும் கழற்றவில்லை. அதைக் கண்டதும் எமிலியானுஸ் அண்ணையின் ஞாபகம் வந்து நான் தனியே சிரித்ததில், கிழங்கு பொரிக்கிற பெண் தன்னைத்தான் பகிடி பண்ணுகிறேன் என்று முறைத்தாள்.

எமிலியானுஸ் அண்ணை மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், ஒகில்வி தெருவில், எனக்கு மேல்வீட்டுக்காரர். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. ‘இன்ஸ்பெக்டர் அண்ணை’ என்று கேளுங்கள், தமிழ்க் கடைக்காரன் கடையை விட்டு இறங்கி வந்து வீட்டைக் காட்டுவான். கொழும்பில் அரசாங்க பஸ் சபையில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர் அவர். ஓடுகிற பஸ்ஸை மறித்து ஏறி, டிக்கெட் எடுக்காதவனையும் பிடித்து, டிக்கெட் கொடுக்காத கொண்டக்டரையும் பிடிக்கிற பெரிய உத்தியோகம். இதை அவர் சொல்லாத நாளில்லை. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் நாங்கள் இருவரும் பதினான்கு வருடம் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டினோம். அந்தப் பதினான்கு வருடமும் நான் கேட்டது இன்ஸ்பெக்டர் கதைதான். எனக்கே கனவில் செக்கர் வந்து டிக்கெட் கேட்கத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. என் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் கூரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். இறங்குகிற இடம் வந்தால் ஒரு தட்டு. வீட்டிலிருந்து குடும்பமாகப் புறப்படும்போதும் எல்லோரும் படியிறங்கி முடிய, கதவு நிலையில் இரண்டு தட்டு. கத்தோலிக்க ஆள், ஏதோ செபமாக்கும் என்று நான் மரியாதையாக இருந்துவிட்டேன். சைவக்காரனுக்கு என்ன தெரியும்!

அவருடைய மனைவி புஷ்பராணி அக்கா இளவாலைப் போஸ்ட் மாஸ்டரின் மகள். அதிகம் கதைக்காத மனுஷி. ஆனால் கோயில் வாசலில் நாலு பெண்கள் கூடிவிட்டால் போதும், “எங்கட இவர் இன்ஸ்பெக்டரா இருக்கேக்க” என்று தொடங்குவார். முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. எழுபத்தொன்பதில் கலியாணம். அந்தக் காலத்து யாழ்ப்பாண வழக்கப்படி அவர் கொழும்பில் நாலு ஆண்களோடு ஒரு அறையில், அக்கா இளவாலையில் தாய் தகப்பனோடு. மாதம் ஒருமுறை இரவு ரயிலில் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவார். எண்பத்துமூன்று கலவரத்தோடு கொழும்பு வேலையும் போயிற்று. ஆகவே புருஷன் வேலை செய்வதை அக்கா கண்ணால் கண்டதில்லை. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தாறு வசந்தத்தில் களஞ்சியத்தை மூடிவிட்டார்கள். நான் வேறிடத்தில் ஸ்டிக்கர் ஒட்டப் போனேன். ஐம்பத்தைந்து வயதில் எமிலியானுஸ் அண்ணைக்கு வேலை கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். பழைய துறைமுகத்தில் ஒரு சுற்றுலாக் கம்பனி லண்டன் பஸ்கள் மூன்றை வாங்கியிருக்கிறதாம், தன்னைத் தேடிப் பிடித்து இன்ஸ்பெக்டராகப் போட்டிருக்கிறார்களாம். புஷ்பராணி அக்கா அன்றைக்கே கோயிலில் சொல்லிவிட்டார். பார்க் எக்ஸ்டென்ஷனே தலைநிமிர்ந்து நடந்தது.

உண்மையில் அவரைப் போட்டது பஸ் கழுவ; எனக்கே இது பிறகுதான் தெரியவந்தது. அந்த மூன்று பஸ்களும் இடப்பக்கம் ஓடுகிற ஊருக்குச் செய்தவை. பின்பக்க ஏறுபடி, மொன்றியலில் நடுவீதிப் பக்கம் வந்துவிட்டது. கம்பனிக்காரர் அதைக் கம்பி போட்டு அடைத்துவிட்டு, வலப்பக்கத் தகட்டை வெட்டிப் புதுக் கதவு வைத்தார்கள். சாரதி முன்னுக்குத் தனியறையில் இருப்பான், அவனுக்குப் பின்னால் நடக்கிறது ஒன்றும் தெரியாது. சாரதியின் பெயர் அல்பேட், பெரிய மீசை வைத்த கியூபெக் மாகாணத்துக்காரன். முதல் வாரமே ஒரு சுற்றுலாக்காரியின் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்க பஸ்ஸை எடுத்துவிட்டான். கழுவுகிற வாளியோடு பக்கத்தில் நின்ற எமிலியானுஸ் அண்ணை பாய்ந்து ஏறி மணிக்கயிற்றை இழுத்து, பஸ்ஸை நிறுத்தி, அவளை இருத்தி, பிறகு இரண்டு மணி அடித்துவிட்டுத்தான் தான் செய்த காரியத்தை உணர்ந்தாராம். கம்பனி முதலாளியம்மா மதாம் கானியோன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த நாள் தொப்பி, கறுப்புக் கோட்டு, தோளில் ஒரு தோல்பை. மொன்றியல் பழைய துறைமுகத்தின் ஒரே கொண்டக்டர். காலையில் கழுத்துப்பட்டியோடு இன்ஸ்பெக்டராகப் புறப்படுவார், அங்கே போய்த் தொப்பியைப் போடுவார்.

அகப்பட்டுவிடுவோம் என்கிற பயம் அவருக்கு அவ்வளவாக இல்லை. எங்களுடைய சனம் தாங்கள் குடியிருக்கிற ஊரைக் காசு கொடுத்துச் சுற்றிப்பார்க்கிற சாதியில்லை.

மனிதர் சந்தோஷத்தில் ஒரு மடத்தனமும் செய்தார். இலங்கை பஸ்களில் முன்சீற்று மதகுருமாருக்கு என்று ஒதுக்கியிருக்கும். பிக்கு வந்தால் பிக்கு, பாதர் வந்தால் பாதர், வேறு யாரும் எழும்பித்தான் ஆகவேண்டும். பஸ் என்றால் அப்படித்தான் என்று இவருக்கு மனதில் பதிந்துபோய், மகள் அனுஷாவிடம் பிரெஞ்சில் எழுதுவித்து, ‘குருமாருக்கு மட்டும்’ என்று ஒரு மட்டை செய்து முன்சீற்றுக்கு மேலே மாட்டிவிட்டார். அந்த வருடம் கியூபெக்கில் பத்திரிகையைத் திறந்தால் சமயச் சண்டை. பாட்டன் காலத்தில் ஊரையே ஆண்ட பாதிரிமாரை ஒருபடியாகக் கழற்றிவிட்ட சனத்துக்கு, பஸ்ஸில் மறுபடியும் பாதிரியாருக்குச் சீற்றா? மதாமுக்கு மூன்று பேர் ரெலிபோன் எடுத்துக் கத்தினார்கள். கழற்று என்று மதாம் சொன்னார். இவர் கழற்றவில்லை, மறுபக்கம் திருப்பி மாட்டினார்.

இப்படி ஒரு கோடை போய், அடுத்த கோடையும் பாதி போனது. ஆகஸ்டில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில்காரர் சூசையப்பர் மலைக்கோயிலுக்கு யாத்திரை போவது வழக்கம். ஒவ்வொரு வருடமும் மஞ்சள் பள்ளிக்கூட பஸ். மாதர் சங்கத் தலைவி சிசிலி அக்கா கோயில் கூட்டத்தில் எழும்பி, எங்கட இன்ஸ்பெக்டர் அண்ணை இருக்க நாங்கள் ஏன் மஞ்சள் பஸ்ஸில் இடிபடுவான், அவர் ஒரு சொல் சொன்னால் லண்டன் பஸ் வாசலுக்கு வராதா என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். எமிலியானுஸ் அண்ணையும் கைதட்டியிருக்கிறார். வேறென்ன செய்வது?

அன்று பின்னேரம் என் குசினிக் கதிரையில் வந்து இருந்தார். கொடுத்த தேத்தண்ணீரைத் தள்ளி வைத்தார்.

“தம்பி, நான் இன்ஸ்பெக்டருமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அங்கையும் கொண்டக்டர், இங்கையும் கொண்டக்டர்,” என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி வேலையில்லை. பதினான்கு வருடம்! நான் அவரைத் திட்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். கலியாணத் தரகர் போஸ்ட் மாஸ்டர் வீட்டில் ஒரு படி கூட்டிச் சொல்லிவிட்டாராம். தாலி கட்டிய பிறகு சொல்லலாம் என்று இவர் பேசாமல் இருந்தாராம். தாலி கட்டிய பிறகு, பிள்ளை பிறந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு பொய்யே பழகி, இனிக்கவும் தொடங்கிவிட்டது. யாத்திரையன்று தொப்பியும் தோல்பையுமாக நின்றால் இருபத்தெட்டு வருடம் ஒரு நிமிடத்தில் அவிழ்ந்துபோகும்.

“புஷ்பம் என்னை விட்டிட்டுப் போகமாட்டாள், அது தெரியும்,” என்றார். “ஆனா அவளின்ர ஐயாவை நான் ஏமாத்தினனான் எண்டு நினைப்பாளல்லோ. அந்த மனிசன் என்னை நம்பிப் பிள்ளையைத் தந்தது. இப்ப உயிரோடையும் இல்லை. நான் ஆரிட்டப் போய் மன்னிப்புக் கேக்கிறது?”

 என் கோபம் அங்கேயே போய்விட்டது. அந்த இளகிய நேரம் பார்த்துத்தான் என் தலையில் கட்டினார்: யாத்திரையன்று நான் கொண்டக்டராக நிற்க வேண்டும், அவர் கழுத்துப்பட்டியோடு இன்ஸ்பெக்டராக முன்னுக்கு இருப்பார். அல்பேட்டை ஒரு பெட்டி மட்டன் றோல்ஸ் கொடுத்துச் சரிக்கட்டியாயிற்று. மதாம் பஸ்ஸை வாடகைக்குத் தரச் சம்மதித்திருந்தார், ஆனால் சனிக்கிழமை வரமாட்டார்.

வெள்ளிக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் எனக்குப் பயிற்சி. ஒரு மணி அடித்தால் நில். இரண்டு மணி அடித்தால் போ. மூன்று மணி அடித்தால் நிறைந்துவிட்டது, எங்கேயும் நிறுத்தாதே. இதைப் படிக்க எனக்கு அரை நிமிடம் போதும். ஆனால் மனிதர் விடவில்லை. லண்டனில் கழித்த இரட்டைத்தட்டுகள்தான் கொழும்பிலும் ஓடினவையாம், இந்த பஸ் அவற்றின் தம்பியாம், மணிச்சத்தம் மட்டும் அதேதானாம். பஸ்ஸைத் தடவித் தடவிக் கதைத்தார். ஒன்பது வருட அனுபவத்தை எனக்கு ஒரு பின்னேரத்தில் பருக்கிவிடப் பார்த்தார். கொண்டக்டர் ஆட்களின் முகத்தைப் பார்க்கமாட்டானாம், நீட்டுகிற கையைத்தான் பார்ப்பானாம். சொந்தச் சித்தப்பா ஏறினாலும் தெரியாதாம்.

“எல்லாத்தையும் மறந்தாலும் ஒண்டை மறவாத,” என்றார். “ரெண்டு மணி அடிக்க முந்தித் திரும்பிப் பார். கடைசியா ஏறின ஆள் பிடிச்சுக்கொண்டு நிண்டாக் காணாது. சீற்றில இருக்கோணும். இருந்தாப்பிறகுதான் ரெண்டு.”

நான் தலையாட்டினேன். கோயில் மாடு மாதிரித்தான்.

சனிக்கிழமை காலை சிவப்பு பஸ் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குள் வந்தது. அதன் உயரத்துக்கு எந்த ரயில் பாலத்துக்குக் கீழே போகலாம், எதற்குக் கீழே போனால் மேல்தட்டு கழன்றுவிடும் என்று அல்பேட் இரண்டு நாள் வரைபடம் பார்த்தானாம். கிரேக்கக் கிழவர்கள் கோப்பிக் கடையிலிருந்து எழும்பி வந்து பார்த்தார்கள். எமிலியானுஸ் அண்ணை சாம்பல்நிறக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, கல்யாண மாப்பிள்ளை போல இறங்கினார். அந்த மட்டையைத் திருப்பி மாட்டி, பாதரை முன்சீற்றில் இருத்தினார். ஒரு வருடமாகப் பேச்சு வாங்கிய மட்டைக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. பாதருக்குப் பக்கத்தில் தான் இருந்துகொண்டார். புஷ்பராணி அக்கா அவருக்கு நேரே எதிர்ச்சீற்றில். நான் பின்னுக்கு, எனக்கு இரண்டு அளவு பெரிய கோட்டில், தொப்பி கண்ணை மறைக்க.

“இதென்ன, தம்பியைப் பிடிச்சுக் கொண்டக்டராப் போட்டிருக்கிறியள்?” என்று சிசிலி அக்கா கேட்டார். இன்ஸ்பெக்டருக்கு ஆள் போட உரிமையிருக்கு என்று புஷ்பராணி அக்காவே பதில் சொன்னார். எமிலியானுஸ் அண்ணை எனக்குக் கண்ணடித்தார்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டு மணி ஒழுங்காக அடித்தேன். போகிற வழியில் கோத்-டி-நேஜ் பகுதியில் இரண்டாவது கூட்டம் ஏறக் காத்துநின்றது. அங்கேதான் எல்லாம் பிழைத்தது. மேல்தட்டுக்குப் பிள்ளைகள் ஓட, கூல் பெட்டியை எங்கே வைப்பது என்று இரண்டு பேர் சண்டைபிடிக்க, பின்னுக்கு வந்த கார்க்காரன் ஹோர்ன் அடிக்க, சிசிலி அக்கா என் காதுக்குள், “அடியும் தம்பி, அடியும், பூசைக்கு நேரமாச்சு” என்றார். அடித்தேன். இரண்டு. திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக ஏறியவர் மரியம்மாள் ஆச்சி. எழுபத்தொன்பது வயது, ஊன்றுகோல், இடுப்பில் போன மாரியில் செய்த சத்திரசிகிச்சை. பஸ் நகர, ஆச்சி கையை விரித்தபடி பின்னால் சாய்ந்தார்.

ஒற்றை மணி அடித்தது. நான் அடிக்கவில்லை. கயிறு பஸ்ஸின் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுகிறதல்லவா, முன்சீற்றில் இருந்த எமிலியானுஸ் அண்ணை இருந்த இடத்தில் எம்பி இழுத்திருக்கிறார். அல்பேட் பிரேக் போட்டான். ஆச்சி யாரோ ஒரு பையனின் மடியில் இருந்துவிட்டார், ஒரு காயமுமில்லை. ஆனால் எமிலியானுஸ் அண்ணை எழும்பிவிட்டார். அதன் பிறகு அவரை யாரும் நிறுத்தியிருக்க முடியாது.

“இஸ்ஸரஹட்ட யன்ன! இஸ்ஸரஹட்ட!” என்று ஒரு சத்தம். முன்னுக்குப் போ, முன்னுக்குப் போ என்று கொழும்பு பஸ்களில் சிங்களத்தில் கொண்டக்டர்மார் போடுகிற அதே சத்தம். கொழும்பில் ஒருநாளாவது பஸ் ஏறியவனுக்கு அது எலும்பில் ஊறிய சத்தம். பஸ்ஸுக்குள் இருந்த சனமெல்லாம் எழும்பி முன்னுக்கு நகர்ந்தது. எதையும் பிடிக்காமல் சீற்றுகளுக்கு நடுவே நடந்து வந்தார். கூல் பெட்டி படிக்குக் கீழே போனது, தடியன்கள் மேலே போனார்கள், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்கு ஜன்னல் சீற்று கிடைத்தது, ஆச்சிக்குக் கம்பியோரம் இடம் வந்தது. எல்லாம் ஒரு நிமிடம்கூட இல்லை. போகிற போக்கில் என் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அதை அவர் கவனிக்கவேயில்லை.

 சிசிலி அக்கா அந்தத் தொப்பியை ஒருதரம் பார்த்தார், கழுத்துப்பட்டியை ஒருதரம் பார்த்தார்.

“அண்ணை, நீங்கள் கொழும்பில உண்மையா என்ன வேலை பாத்தனீங்கள்?”

ஏதாவது சமாளிப்பார் என்றுதான் நான் நினைத்தேன். இன்ஸ்பெக்டருக்கு எல்லா வேலையும் தெரிய வேண்டும் என்று ஒரு வரி போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள். அவரோ சமாளிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புஷ்பராணி அக்காவைப் பார்த்தார்.

“கொண்டக்டர்,” என்றார். “ஒன்பது வருசமும் கொண்டக்டர்தான். புஷ்பம், உன்ர ஐயாவை நான் ஏமாத்திப்போட்டன்.”

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போல இருந்தது. புஷ்பராணி அக்கா கைப்பையைத் திறந்தார், கைலேஞ்சியை எடுத்தார், மடித்துத் திரும்ப வைத்தார். அந்த மனுஷிக்கு எதற்கும் அவசரமில்லை.

“ஐயாவை ஏமாத்துறதுக்கு நீங்கள் இனித்தான் பிறக்கோணும்,” என்றார்.

பிறகு இருந்தபடியே, அடுப்பில் என்ன கறி என்று சொல்வது போலச் சொன்னார். கலியாணம் பேசும்போது ஐயா ஒருவருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போனாராம். டிப்போவில் இன்ஸ்பெக்டர் எமிலியானுஸ் என்று கேட்டதும் சிரித்துவிட்டு ஒரு இரட்டைத்தட்டைக் காட்டினார்களாம். ஐயா அதில் ஏறி, காலையிலிருந்து மத்தியானம்வரை மூன்று தரம் போய் மூன்று தரம் வந்தாராம். ஆறு டிக்கெட்டும் மாப்பிள்ளையின் கையாலேயே வாங்கினாராம்.

“ஆறு தரம் என்ர கையில காசு தந்தவரோ?” என்றார் எமிலியானுஸ் அண்ணை.  “நான் முகத்தைப் பாக்கேல்லையே.”

“நீங்கள் பாக்கேல்ல. அவர் பாத்தவர்.” அக்காவின் குரல் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. “வீட்ட வந்து எனக்கும் அம்மாவுக்கும் சொன்னவர், பெடியன் இன்ஸ்பெக்டர் இல்லை, கொண்டக்டர்தான், ஆனால் ஏறின கிழடுகட்டை இருக்குமட்டும் மணியடிக்கமாட்டான், ஒவ்வொருக்காலும் திரும்பிப் பாக்கிறான், இவனுக்குத்தான் என்ர பிள்ளை எண்டு. ஊருக்கு மட்டும் இன்ஸ்பெக்டர் எண்டே இருக்கட்டும் எண்டவரும் அவர்தான்.”

“உனக்கு அப்பவே தெரியுமோ? பிறகேன் கோயிலெல்லாம் இன்ஸ்பெக்டர் எண்டு சொன்னனீ?”

“நீங்கள் ஆசையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சியள். நான் ஏன் கெடுப்பான்? அதோட, வீட்டு நிலையில ரெண்டு தட்டுத் தட்டாமல் உங்களுக்கு வெளிக்கிடத் தெரியாது. எந்த ஊர் இன்ஸ்பெக்டர் அப்பிடித் தட்டுறவர்?”

மேல்தட்டுப் படியில் குந்தியிருந்த பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு பாதர். சிசிலி அக்காவும் சிரித்தார், வேறு வழியில்லாமல். நான் அந்தப் பெரிய கோட்டைக் கழற்றி எமிலியானுஸ் அண்ணையிடம் நீட்டினேன். நான் செபம் என்று நினைத்திருந்த அந்த இரண்டு தட்டின் கருத்து எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது, வெட்கமாகத்தான் இருந்தது. அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, கோட்டைப் போட்டு, தொப்பியை நேராக வைத்தார். முன்னுக்குத் தன் அறையில் இருந்த அல்பேட்டுக்கு இது ஒன்றும் தெரியாது. அவன் ஒரு றோல்ஸைக் கடித்தபடி மணிக்காகக் காத்திருந்தான். பின்னுக்கு நின்ற கார்க்காரன் மறுபடியும் ஹோர்ன் அடித்தான்.

“எல்லாரும் இருந்தாச்சு,” என்றார் புஷ்பராணி அக்கா. “அடியுங்கோவன்.”

எமிலியானுஸ் அண்ணை கயிற்றில் கையை வைத்தார். ஆனால் உடனே அடிக்கவில்லை. அடிக்க முந்தித் திரும்பிப் பார்க்க வேண்டுமே. பார்ப்பதற்கு முதலில் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.